ஒரே ஐடி, நாலு பேர்: க்ளஸ்டர் கணக்கு முடங்கிய 26 நாள்

திங்கட்கிழமை காலை 7.40. தண்டையார்பேட்டை வீட்டிலிருந்தே க்ளஸ்டருக்குள், அதாவது நிறைய கம்ப்யூட்டர்களை ஒன்றாகக் கோர்த்த பெரிய மிஷினுக்குள் போய், வியாழக்கிழமை ராத்திரி விட்ட ஜாப் (அதில் ஓட்டக் கொடுத்த வேலை) முடிந்ததா என்று பார்க்க லேப்டாப்பைத் திறந்தேன். ‘பெர்மிஷன் டினைட், பப்ளிக் கீ’ என்று ஒற்றை வரி வந்து நின்றது. மறுபடி தட்டினேன், அதே வரி. ஏழெட்டு தடவை தட்டியிருப்பேன். அதற்கப்புறம் அந்த வரியும் போய் ‘கனெக்‌ஷன் டைம்ட் அவுட்’ என்று வர ஆரம்பித்தது. நெட் சரியில்லை, லேப்டாப் சரியில்லை என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு இரண்டு முழு நாளை வீணடித்தேன். க்ளஸ்டரில் நுழைவது ஒரு சாவி ஜோடியை வைத்து: ப்ரைவேட் கீ நம் மிஷினில், பப்ளிக் கீ சர்வரில். அந்த அவசரத்தில் பழைய சாவியை, அதாவது ப்ரைவேட் கீயை, அழித்துவிட்டுப் புதுசு போட்டேன். ‘இருக்கிற ஃபைல் மேலேயே எழுதவா?’ என்று சாவி உருவாக்கும் கீஜென் நிரல் கேட்டபோது யோசிக்காமல் ஒய் தட்டினேன். யாரும் சொல்லித் தரவில்லை, தெரிந்தவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. இதே சிக்கலில் மாட்டுகிறவர்கள் அந்த இரண்டு நாளையாவது மிச்சம் பிடிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த வரிகளைப் படிக்கத் தெரிய வேண்டும். ‘டைம்ட் அவுட்’ என்றால் உங்கள் கோரிக்கைக்குப் பதிலே வரவில்லை. நடுவில் ஃபயர்வால் தடுக்கிறது, அல்லது பாதையே இல்லை. ‘ரெஃப்யூஸ்ட்’ என்றால் மிஷின் வரை போயாச்சு, ஆனால் அந்த போர்ட்டில் கேட்க ஆளில்லை, அல்லது ஃபயர்வாலே முகத்தில் அடித்துத் திருப்பி அனுப்புகிறது. ‘பெர்மிஷன் டினைட்’ என்றால் வாசல் வரை போய்விட்டீர்கள், ‘நீ யார் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்’ என்கிறது. தூரத்து மிஷினுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் கட்டளையோடு மைனஸ் வி சேர்த்து ஓட்டினால், எந்தச் சாவியை நீட்டியது, அந்தப் பக்கம் வாங்கிக்கொண்டதா என்று வரி வரியாகக் காட்டும். சரியான சாவியை நீட்டிய வரி இருந்து, ஏற்றுக்கொண்ட வரி இல்லையென்றால் கோளாறு உங்கள் லேப்டாப்பில் இல்லை. அங்கே உங்கள் பப்ளிக் கீ இல்லாமல் போயிருக்கலாம், உங்கள் ஹோம் டைரக்டரியின், அதாவது அங்கே உங்களுக்கான ஃபோல்டரின், அனுமதி கெட்டிருக்கலாம், கணக்கையே முடக்கியிருக்கலாம். இந்த மூன்றும் வெளியே இருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும். அட்மினைக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. நான் அதைத்தான் கடைசியாகச் செய்தேன்.

டினைட் என்பது டைம்ட் அவுட்டாக மாறியதற்கும் காரணம் உண்டு. ஃபெயில்-டு-பேன் என்ற காவல் நிரலை நிறைய இடங்களில் போட்டிருக்கிறார்கள். அதன் வழக்கமான அமைப்பில், பத்து நிமிஷத்துக்குள் ஐந்து தடவை தப்பாகத் தட்டினால் அந்த ஐபி முகவரியையே பத்து நிமிஷம் தடை செய்துவிடும். அட்மின் நினைத்தால் ஒரு நாள்கூட வைக்கலாம். வீட்டில் தட்டியது போதாதென்று மறுநாள் காலேஜ் லேபில் உட்கார்ந்தும் தட்டினேன். காலேஜ் முழுக்க வெளியே போவது ஒரே ஐபி வழியாக. மத்தியானம் பக்கத்து டிபார்ட்மென்ட்காரர் ஒருவர், அதே க்ளஸ்டரில் தனிக் கணக்கு வைத்திருப்பவர், ‘காலையிலேர்ந்து எனக்கும் போகலையே’ என்று வந்து நின்றார். அவரையும் சேர்த்து நான்தான் வெளியே தள்ளியிருந்தேன். இரண்டு தடவை தட்டி நுழையவில்லை என்றால் கையை எடுத்துவிடுங்கள்.

புதன்கிழமை அட்மின் போனில் கிடைத்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: “மேடம், இந்த ஐடிய மொத்தம் எத்தனை பேர் யூஸ் பண்றீங்க?”

நாலு பேர். கணக்கு என் ஆராய்ச்சி கைடு பெயரில் இருந்தது. அவர் ஒரு நாளும் உள்ளே போனதில்லை. நான், இரண்டு ஜூனியர்கள், இரண்டு வருஷம் முன்னால் முடித்துவிட்டு வேலைக்குப் போன ஒரு சீனியர் அண்ணா. முடக்கிய செய்தி வெள்ளிக்கிழமையே மெயிலில் வந்திருக்கிறது. வந்தது விண்ணப்பத்தில் கொடுத்த பழைய முகவரிக்கு; சார் அதை மாசத்துக்கு ஒரு தடவை திறந்தால் அதிகம். இப்போதே உங்கள் கணக்கில் எந்த மெயில் முகவரி, எந்த போன் நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு நிமிஷ வேலை. எங்களுக்கு ஐந்து நாள் போனது அதனால்தான்.

நடந்தது இதுதான். பத்தொன்பது ராத்திரி, நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 6 மணி வரை, எங்கள் ஐடியிலிருந்து நாலு நோடில் (க்ளஸ்டரில் உள்ள தனித்தனி கம்ப்யூட்டர்) ஜாப் ஓடியிருக்கிறது. நோடுக்கு 48 கோர், ஆக 192 கோர். ஓடியது மொனேரோ மைனிங், அதாவது அந்த டிஜிட்டல் காசைக் கம்ப்யூட்டர் உழைப்பில் சம்பாதிக்கிற வேலை. பிட்காயின் போல அதற்குத் தனி சிப் தேவையில்லை. 2019 நவம்பரில் ரேண்டம்-எக்ஸ் என்ற முறைக்கு மாறியதிலிருந்து சாதாரண சிபியூவில் நன்றாக ஓடும். யுனிவர்சிட்டி க்ளஸ்டர் என்றால் திருடனுக்கு ஓசிக் கரண்ட், ஓசி மிஷின். நாங்கள் ஏன் கவனிக்கவில்லை? காலையில் எஸ்-க்யூ அடித்து வரிசையைப் பார்ப்போம். அது ஓடுகிற, காத்திருக்கிற ஜாப்களைத்தான் காட்டும். முடிந்ததைப் பார்க்க எஸ்-அக்ட் வேண்டும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது: தொடக்கத் தேதி கொடுக்காவிட்டால் அன்றைய நள்ளிரவிலிருந்து மட்டுமே கணக்கு சொல்லும். மைனஸ் பெரிய எஸ் போட்டு ஒரு வாரம் முந்தைய தேதி கொடுத்து, ஜாப் பெயர், ஆரம்பித்த நேரம், எடுத்த கோர் எண்ணிக்கை மூன்றையும் வாரம் ஒரு தடவை பார்த்திருந்தால் ஏழாம் நாளே பிடித்திருக்கலாம்.

“யார் சாவியில வந்தாங்கன்னு சொல்லிடலாம்” என்றார் அட்மின். எஸ்எஸ்எச் சர்வர் ஒவ்வொரு நுழைவுக்கும், ஏற்றுக்கொண்ட சாவியின் ஷா-256 கைரேகையை, அதாவது அந்தச் சாவிக்கே உரிய சுருக்க அடையாளத்தை, பதிவில் எழுதும். சந்தேகமான நுழைவுகளின் கைரேகையை அவர் அனுப்பினார். கூடவே, நுழைய அனுமதி உள்ள பப்ளிக் கீகளை அடுக்கி வைக்கும் எங்கள் ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைலையும். கீஜென் கட்டளையில் மைனஸ் எல்-எஃப் போட்டு அந்த ஃபைலைக் கொடுத்தால் ஒவ்வொரு வரிக்கும் கைரேகை காட்டும். நாலு பேருக்கு ஒன்பது சாவி இருந்தது! வரி முடிவில் இருக்கும் குறிப்பில் ‘டெஸ்க்டாப்’, ‘லேப்டாப்’, ‘யூசர் அட் பிசி’ என்றுதான் இருந்தது. எது யாருடையது என்று எங்களுக்கே தெரியவில்லை. உட்கார்ந்து ஒவ்வொருவர் மிஷினிலும் பார்த்து ஒப்பிட ஒன்றரை நாள் ஆனது. சாவி போடும்போதே மைனஸ் பெரிய சி கொடுத்து ஆள் பெயர், மிஷின், மாசம் மூன்றையும் குறிப்பில் எழுதிவிட்டால் இது ஐந்து நிமிஷ வேலை.

கைரேகை ஒத்துப்போனது சீனியர் அண்ணாவின் சாவியோடு. போன் போட்டால் அவர் பதறிவிட்டார். படிப்பு முடிந்து போகும்போது ‘ஸ்க்ரிப்ட் எல்லாம் ஒரு இடத்துல இருக்கட்டும்’ என்று ஹோம் டைரக்டரியை மொத்தமாக கிட்ஹப்பில், அதாவது கோடு சேமிக்கும் இணையதளத்தில், ஏற்றியிருந்தார், பொதுவில். அதற்குள் டாட் எஸ்எஸ்எச் ஃபோல்டர். அதற்குள் ப்ரைவேட் கீ. அதற்கு பாஸ்ஃப்ரேஸ், அதாவது சாவியையே பூட்டும் கடவுச்சொல், கிடையாது. போன வருஷம் கவனித்து அந்த ஃபோல்டரை டெலீட் செய்ததாகச் சொன்னார். செய்திருந்தார்தான். ஆனால் கிட் என்பது பழைய பதிப்பை மறக்காத சாமான். இன்றைக்கு அழித்தாலும் நேற்றைய கமிட்டில் அப்படியே இருக்கும். வரலாற்றையே திருத்தி எழுதினாலும், அதற்குள் நகல் எடுத்தவன் கையிலிருந்து பிடுங்க முடியாது. வெளியே போன சாவி போனதுதான். சர்வரில் அதன் பப்ளிக் கீ வரியை நீக்குவது ஒன்றே மருந்து. அண்ணா மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. அப்புறம் என் சாவியைச் சோதித்துப் பார்த்தேன்: கீஜென்னில் மைனஸ் ஒய், மைனஸ் எஃப் கொடுத்து ப்ரைவேட் கீ பெயரைச் சொன்னால், பாஸ்ஃப்ரேஸ் இருந்தால் கேட்கும்; இல்லையென்றால் நேராக பப்ளிக் கீயைக் கக்கும். என்னுடையது கக்கியது. ஜூனியர்கள் இரண்டு பேருடையதும் கக்கியது.

ஒன்பது சாவியையும் எடுத்தாச்சு, முடிந்தது என்று நாங்கள் நினைத்தபோது அட்மின் பத்தாவதைக் காட்டினார். அது ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைலில் இல்லை. பெயரின் கடைசியில் 2 சேர்ந்த இன்னொரு ஃபைலில் இருந்தது. ஓப்பன்-எஸ்எஸ்எச் தன் இயல்பான அமைப்பில் இரண்டு ஃபைலையும் படிக்கும். வந்தவன் தன் சாவியை அங்கே வைத்துவிட்டிருக்கிறான். அண்ணாவின் சாவியை நீக்கினாலும் அவன் பாட்டுக்கு வந்து போயிருப்பான். கணக்கைச் சுத்தம் செய்கிறவர்கள் இந்த இடங்களை விடாதீர்கள்: டாட் எஸ்எஸ்எச் ஃபோல்டரில் உள்ள ஒவ்வொரு ஃபைலும், அதிலுள்ள ஆர்சி ஃபைல் உட்பட, ஏனென்றால் நுழையும்போதே அது ஓடும், குறித்த நேரத்தில் தானாக ஓடுபவற்றின் பட்டியலான க்ரான்டேப், நுழைந்ததும் ஓடும் பேஷ்-ஆர்சி, ப்ரொஃபைல் ஃபைல்கள், வரிசையில் காத்திருக்கும் ஜாப்கள், வெளியே வந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் டீமக்ஸ், ஸ்க்ரீன். சாவியை நீக்கினால் புது நுழைவுதான் நிற்கும், ஏற்கெனவே உள்ளே இருப்பவன் இருந்துகொண்டேதான் இருப்பான்.

இது நமக்கு மட்டும் நடக்கிற கூத்து இல்லை. 2020 மே மாதம் ஐரோப்பாவில் பல சூப்பர் கம்ப்யூட்டர்களை இப்படித்தான் மூட வேண்டி வந்தது. எடின்பரோவில் இருந்த ஆர்ச்சரை மே 11 அன்று நிறுத்தினார்கள். ஜெர்மனியிலும் ஸ்விட்சர்லாந்திலும் அடுத்தடுத்து மூடினார்கள். திருடியது எஸ்எஸ்எச் நுழைவு விவரங்கள். ஓரிடத்தில் கணக்கு வைத்திருப்பவர் இன்னோரிடத்திலும் அதே சாவியை வைத்திருப்பார், ஒன்றில் பூந்தவன் மற்றொன்றுக்கும் தாவுவான். ஆர்ச்சரைத் திரும்பத் திறந்தபோது எல்லோருக்கும் சாவி, பாஸ்வேர்டு இரண்டும் சேர்ந்தால்தான் நுழைவு என்று ஆக்கிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு சாவி என்றால் போதாது, இடத்துக்கும் ஒன்று வேண்டும்.

இனி நஷ்டக் கணக்கு. கணக்கு முடங்கியிருந்தது 26 நாள். நாங்கள் ஓட்டிக்கொண்டிருந்தது 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையை, கொசஸ்தலை ஆற்றுப் படுகைக்கு, டபிள்யூஆர்எஃப் என்ற வானிலை மாடலில். ஒரு ஓட்டத்துக்கு 96 கோரில் 14 மணி நேரம், அதாவது 1,344 கோர்-ஹவர். வருஷத்துக்கு எங்களுக்கு ஒதுக்கியது 80,000. நாங்கள் செலவழித்தது 41,000. மைனிங் தின்றது 21,888. மிச்சம் 17,112, அதில் 12 ஓட்டம்தான் போகும். எனக்கு 22 ஓட்டம் பாக்கி இருந்தது. திருட்டுப் போனதைத் திருப்பிக் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். ‘உங்க ஐடி, உங்க சாவி, நீங்க சேர்த்த ஆள்’ என்று சொல்லிவிட்டார்கள். கேட்க நன்றாக இல்லை, ஆனால் பதில் சொல்லவும் என்னிடம் ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்ட உறுதிமொழிப் படிவத்தில் ‘கணக்கைப் பகிர மாட்டேன்’ என்று மூன்றாவது வரியிலேயே இருந்தது.

அதைவிட வலித்தது ஸ்க்ராட்ச். பெரிய அவுட்புட் எல்லாம் ஸ்க்ராட்ச் டிஸ்க்கில் இருக்கும். அங்கே 30 நாள் தொடாத ஃபைலை ஒரு நிரல் தானாகக் கூட்டித் தள்ளிவிடும். கணக்கு முடங்கினாலும் அந்தத் துடைப்பம் நிற்காது. நாங்கள் தொட முடியாமல் வெளியே நிற்க, உள்ளே நாள் எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருந்தது. திரும்ப உள்ளே போனபோது 11 ஓட்டத்தின் ஃபைல்கள் இல்லை. ஸ்க்ராட்ச்சுக்கு பேக்கப் கிடையாது என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள், யார் படிக்கிறோம். கணக்கு முடங்கியது தெரிந்தவுடன் எழுத வேண்டிய முதல் மெயில் ‘எப்போது திறப்பீர்கள்’ என்பதல்ல. ‘விசாரணை முடியும் வரை எங்கள் ஸ்க்ராட்ச் ஃபோல்டரை அழிப்பிலிருந்து விலக்கி வையுங்கள்’ என்பது. கேட்டால் பெரும்பாலும் செய்வார்கள், அவர்களுக்கும் அது தடயம். அதே மெயிலில் உங்கள் தரப்பில் கடைசியாக எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கிருந்து நுழைந்தீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். லேப்டாப்பை ஃபார்மேட் அடிக்காதீர்கள். என்னை மாதிரிச் சாவியை அழிக்காதீர்கள். நான் அழித்த அந்தச் சாவியின் கைரேகை இருந்திருந்தால் ‘இது நானில்லை’ என்று முதல் நாளே காட்டியிருப்பேன்.

இடைப்பட்ட நாளில் வேலை நிற்கக் கூடாதென்று க்ளவுடில் மிஷின் வாடகைக்கு எடுத்தேன். ஓட்டத்துக்குச் சுமார் 5,200 ரூபாய். ஆறு ஓட்டம், 31,200. மிஷினை அணைத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். அதோடு ஒட்டிய டிஸ்க் தனியாகக் காசு தின்றுகொண்டிருந்தது. மாசக் கடைசியில் இன்னொரு 1,900. ஆக 33,100 ரூபாய், என் ஸ்டைபண்டில். வீட்டில் சொல்லவில்லை. அங்கே 96 என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 96 முழு கோர் இல்லை. ஒரு கோரை இரண்டாகக் காட்டும் விசிபியூ கணக்கு. ஆகவே 14 மணி நேர வேலை அங்கே 14 மணி நேரத்தில் முடியாது. பட்ஜெட் போடும்போது இதைச் சேர்த்துப் போடுங்கள்.

புகார் கொடுக்கும் விஷயம். 2022 ஏப்ரல் 28 அன்று, மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவின்படி இந்த மாதிரி சம்பவத்தைக் கவனித்த ஆறு மணி நேரத்துக்குள் நிறுவனம் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். அது மையத்தின் வேலை, நம் வேலை அல்ல. ஆனால் நமக்கு உதவுகிற விஷயம் அந்த 180 நாள். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளினால், நீங்கள் நிரபராதி என்று சொல்லக்கூடிய பதிவும் போய்விடும். எங்களுக்கு முதல் திருட்டு நுழைவைத் தேடி எடுக்க முடிந்தது அந்தப் பதிவு இருந்ததால்தான்.

அடுத்தது புதுக் கணக்கு. இந்தத் தடவை ஆளுக்கு ஒன்று. இங்கே இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்: நீ யார் என்பது ஒன்று, உனக்கு என்ன அனுமதி என்பது வேறொன்று. துறைமுகத்துக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு இது புதுசில்லை. அப்பா ஹார்பர் பக்கம் க்ளியரிங் ஆபீசில் இருந்தவர். நடந்ததைக் கேட்டுவிட்டு, “ஒருத்தன் பாஸை இன்னொருத்தன் எடுத்துக்கினு போனா கேட்டுலயே நிறுத்திடுவான். நீங்க நாலு பேரு ஒரே பாஸ்ல போயிருக்கீங்களா?” என்றார். கம்பெனி ‘இவர் எங்கள் ஆள்’ என்று கடிதம் கொடுக்கும், உள்ளே எங்கே போகலாம் என்பதைத் துறைமுகம் முடிவு செய்யும். காலேஜ் ஐடியை வைத்தே வெளி இடத்துக்குள் நுழையும் ஃபெடரேட்டட் லாகின் என்பது அதேதான். உங்கள் காலேஜின் அடையாள சர்வர் ‘இவர் எங்கள் ஆராய்ச்சி மாணவர்’ என்று சாம்ல் என்ற பொது முறையில் சான்று சொல்லும். உங்கள் பாஸ்வேர்டு அந்தப் பக்கம் போகவே போகாது. நம் நாட்டில், பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் இன்ஃபெட் இந்த வழியில்தான் இயங்குகிறது. வீட்டிலிருந்து ஜர்னல் படிக்க நிறைய பேர் அதைத் தெரியாமலே பயன்படுத்துகிறார்கள். இதில் ஒரு கண்ணி உண்டு. காலேஜ் மெயில் முடங்கிய அன்று அதைப் பிடித்துத் தொங்குகிற எல்லா நுழைவும் முடங்கும். தீசிஸ் சமர்ப்பித்த கையோடு மெயிலை மூடிவிடும் இடங்கள் உண்டு. வைவாவில் கேட்கும் திருத்தத்துக்கு மறுபடி ஓட்ட வேண்டி வந்தால் திண்டாட்டம். சமர்ப்பிக்கும் முன்பே டேட்டாவை எடுத்து வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்துக்குக் கேட்டது: காலேஜ் ஐடி கார்டு, போனஃபைடு, கைடு கையெழுத்து, பிரின்சிபால் சீல், உறுதிமொழி, காலேஜ் மெயில். ஜிமெயில் கொடுத்த ஜூனியரின் விண்ணப்பம் திரும்பி வந்தது. எனக்குச் சீலுக்கு மட்டும் நாலு நாள்.

சாவி போடும்போது இடி-25519 வகை எடுங்கள், சின்னது, வேகமானது. பழைய சர்வர் ஏற்காவிட்டால் மட்டும் ஆர்எஸ்ஏ 4096. பாஸ்ஃப்ரேஸுக்குத் தொடர்பில்லாத ஐந்தாறு தமிழ் வார்த்தைகளை ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளலாம்; தெருப் பெயரும் பிறந்த வருஷமும் வேண்டாம். ஏற்கெனவே உள்ள சாவிக்கு கீஜென் மைனஸ் பி போட்டு பாஸ்ஃப்ரேஸ் சேர்க்க முடியும், சாவி மாறாது. தினம் முப்பது தடவை அடிக்கச் சலிப்பாக இருந்தால் திறந்த சாவியை நினைவில் வைத்திருக்கும் எஸ்எஸ்எச் ஏஜென்டில் எட்டு மணி நேரக் கெடுவோடு ஏற்றிவிடுங்கள். பப்ளிக் கீயை வாட்ஸ்அப்பில் அனுப்பி ஒட்டும்போது வரி உடைந்து இரண்டாகிவிடும். ஒரு சாவி ஒரே வரியில் இருந்தால்தான் ஏற்கும். நுழைந்ததும் நாம் நிற்கும் லாகின் நோடிலிருந்து இன்னொரு மிஷினுக்குத் தாவ ஏஜென்ட் ஃபார்வர்டிங் போட்டு, ஏஜென்டை அங்கிருந்தும் எட்டும்படி விடுகிறார்கள். நடுவில் உள்ள மிஷினில் ரூட் உரிமை (முழு அதிகாரம்) பிடித்தவன் உங்கள் ஏஜென்டை வைத்து உங்களாகவே எங்கும் போகலாம். அதற்குப் பதில், நடு மிஷினைக் கடந்து மட்டும் போகும் ப்ராக்ஸி-ஜம்ப் போடுங்கள். ஓப்பன்-எஸ்எஸ்எச் 7.3 முதல் இருக்கிறது, சாவி உங்கள் லேப்டாப்பை விட்டு நகராது.

புதுக் கணக்கில் ஓடிபி ஆப்பும் கட்டாயம். க்யூஆர் கோடில் இருப்பது ஒரு ரகசிய எண். அதையும் நேரத்தையும் கலந்து 30 விநாடிக்கு ஒரு ஆறு இலக்கம் வரும். எஸ்எம்எஸ் ஓடிபி போல சிக்னல் வேண்டாம், சிம்மை ஏமாற்றி மாற்றினாலும் பலிக்காது. ஆனால் போனின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். ஒரு ஜூனியருக்கு மூன்று நாளாக எண் ஏற்கவில்லை. பார்த்தால் ஏதோ கேமுக்காகத் தானியங்கி நேரத்தை நிறுத்தி வைத்திருக்கிறான், இரண்டு நிமிஷம் தள்ளி ஓடுகிறது. இன்னொருத்தியின் போன் எண்ணூர் போகும் ட்ரெயினில் கை நழுவிப் போனது. மீட்புக் குறியீடுகளை எடுத்து வைக்கவில்லை. வீடியோ காலில் ஐடி கார்டைக் காட்டி மீட்க ஆறு நாள். க்யூஆர் திரையில் இருக்கும்போதே இரண்டாவது கருவியிலும் பதிந்துவிடுங்கள், மீட்புக் குறியீட்டைத் தாளில் அச்சடித்து பீரோவில் வையுங்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்வது பூட்டையும் சாவியையும் ஒரே ஆணியில் மாட்டுவது.

தனித்தனிக் கணக்கு வந்ததும் உடனே வரும் கேள்வி, ‘அக்கா, உங்க ஃபைல் எனக்குத் தெரியலையே.’ நாலு பேர் ஒரே ஐடியில் இருந்ததற்கு உண்மையான காரணமே இதுதான், சோம்பேறித்தனம் அல்ல. ஃபைல் பகிரத் தெரியாது. எல்லோரும் கைவைப்பது சிஎச்மோட் 777, அதாவது யாரும் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம் என்று அனுமதியைத் திறந்துவிடும் கட்டளை. அதை ஹோம் டைரக்டரி மேல் போட்டால் க்ளஸ்டரில் உள்ள யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பது ஒரு கேடு. இன்னொன்று, மற்றவர் எழுதக்கூடிய ஹோமில் உள்ள சாவியை எஸ்எஸ்எச் சர்வர் நம்பாது. மறுநாள் அதே ‘பெர்மிஷன் டினைட்’. ஒரு ஜூனியர் இதைச் செய்து காட்டினான். டாட் எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700, உள்ளே ப்ரைவேட் கீக்கும் ஆத்தரைஸ்டு கீஸுக்கும் 600, ஹோமுக்கு 750 அல்லது 700. இதை மனப்பாடம் செய்யலாம்.

பகிரச் சரியான வழி: அட்மினிடம் ப்ராஜெக்டுக்கு ஒரு யுனிக்ஸ் குரூப்பும் பொது ஃபோல்டரும் கேளுங்கள். அந்த ஃபோல்டருக்கு 2770 போடுங்கள். முன்னால் வரும் 2 என்பது செட்-ஜிஐடி. அதற்குள் யார் ஃபைல் உருவாக்கினாலும் அது குரூப்புக்குச் சொந்தமாகும். அது மட்டும் போதாது, ஆளாளுக்கு யூமாஸ்க், அதாவது புது ஃபைலில் எந்த அனுமதியைக் கழிக்க வேண்டும் என்ற அமைப்பு, 007 ஆக இருக்க வேண்டும். இல்லையென்றால் குரூப்பில் உள்ளவர் படிக்கலாம், எழுத முடியாது. குரூப்பில் இல்லாத ஒருவருக்கு மட்டும் ஒரு ஃபோல்டரைக் காட்ட வேண்டுமென்றால் ஏசிஎல், அதாவது ஆள்வாரியான அனுமதிப் பட்டியல்; அதற்கு செட்-எஃப்ஏசிஎல் கட்டளை. இங்கே எல்லோரும் இடறும் கல் இரண்டு. மேலே உள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் அவருக்கு எக்ஸ் அனுமதி வேண்டும். கடைசி அறைக்குச் சாவி கொடுத்து, தெருக் கதவைப் பூட்டி வைத்தால் எப்படிப் போவார்? அடுத்தது மாஸ்க், அதாவது அந்த அனுமதிகளுக்கு மேல்வரம்பு. ஏசிஎல் போட்ட ஃபைலில் யாராவது சிஎச்மோடில் குரூப் அனுமதியைக் குறைத்தால் அது மாஸ்க்கைத்தான் குறைக்கும். நீங்கள் கொடுத்த அனுமதி பட்டியலில் அப்படியே இருக்கும், ஆனால் வேலை செய்யாது. கெட்-எஃப்ஏசிஎல் அடித்தால் அந்த வரிக்குப் பக்கத்தில் ‘எஃபெக்டிவ்’ என்று நிஜமான அனுமதியைக் காட்டும். அதைப் பார்க்காமல் நான் ஒரு சாயங்காலம் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

ஜூபிட்டர், அதாவது ப்ரவுசரில் கோடு எழுதி ஓட்டும் நோட்புக், ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘என்ன டோக்கன் தொல்லை’ என்று அந்த நுழைவுக் குறியீட்டை எடுத்துவிடாதீர்கள். எல்லா முகவரியிலும் கேட்கும்படி திறந்து வைத்தால் க்ளஸ்டரில் உள்ள யாரும் உங்கள் நோட்புக்கில் உட்கார்ந்து உங்கள் ஐடியில் எதையும் ஓட்டலாம். 127.0.0.1-இல் மட்டும் வைத்தாலும், அதே நோடில் இருக்கும் வேறு பயனருக்கும் அது லோக்கல்தான். டோக்கனோ பாஸ்வேர்டோ இருந்தே ஆக வேண்டும். அதைக் கட்டளை வரியில் எழுதினால், மறைத்து அமைக்காத மிஷினில், ஓடுகிற நிரல்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையை அடிக்கிற எவர் கண்ணிலும் படும். கான்ஃபிக் ஃபைலில் வையுங்கள்.

இப்போது எங்கள் லேபில் ஒருவர் கிளம்பும் நாளில் செய்வதற்கு ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். அவர் ஃபைல்களின் உரிமையை மாற்றுவது, வரிசையில் உள்ள ஜாபை ரத்து செய்வது, க்ரான்டேப், டோக்கன், சாவி, கடைசியாகக் கணக்கை மூடச் சொல்லி அட்மினுக்கு மெயில். உரிமை மாற்றுவது முதலில் வர வேண்டும். கணக்கு மூடிய பிறகு அவர் ஃபைலின் உரிமையை மாற்ற ரூட்டால்தான் முடியும். அதோடு, ஆத்தரைஸ்டு கீஸ் வரியின் தலையில் எக்ஸ்பைரி-டைம் என்று தேதி போடலாம், ஓப்பன்-எஸ்எஸ்எச் 7.7 முதல். யாரும் ஞாபகம் வைத்து நீக்க வேண்டியதில்லை, அந்த நாளோடு சாவி செத்துவிடும். ஜூனியர்கள் இருவரும் அவரவர் கணக்கில் கோர்ஸ் முடியும் மாசத்தைப் போட்டிருக்கிறார்கள். நான் போட்டது ஜூன் 30. பாக்கி இருந்த 22, ஸ்க்ராட்ச்சில் போன 11, ஆக 33 ஓட்டத்தில் இன்னும் 9 பாக்கி. அதற்குள் முடித்தாக வேண்டும்.